இரண்டு கடல்களின் வழக்கு

வெள்ளவத்தை
19.01.1997

மதிப்புக்குரிய யோகநாதன் அவர்களுக்கு,

பெண் பார்த்துவிட்டுப் போனவருக்குப் பெண்ணே முதலில் கடிதம் எழுதுவது முறையில்லை என்று பாமன்கடையில் இருக்கும் உங்கள் சின்னம்மா நினைக்கக்கூடும். எனக்கு நாற்பது வயது. முறைகளைப் பார்த்துக் காத்திருந்தது போதும்.

போன ஞாயிறு எங்கள் வீட்டில் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. உங்களுக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று சின்னம்மா சொல்லி அனுப்பினார். எனக்கும் மறுப்பில்லை என்று அண்ணா பதில் சொல்லிவிட்டார். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு எங்கே இருப்பது என்ற பேச்சு வந்தபோது நீங்கள் ஒன்று சொன்னீர்கள். "கொழும்பில வேலை செய்யலாம், சாமான் வாங்கலாம். ஒரு மனுசன் ஆறுதலா இருந்து பொழுதைக் கழிக்க இங்க என்ன கிடக்கு?" தேத்தண்ணித் தட்டத்துடன் நின்ற நான் அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் பிறந்தது இந்த வெள்ளவத்தையில். எண்பத்துமூன்று கலவரத்தில் எங்கள் வீட்டை எரித்தார்கள். கப்பலில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமே திரும்பி வந்துவிட்டேன். வங்கி வேலைக்காக மட்டும் வந்தேன் என்று நினைக்க வேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் என் சல்லியில் டிக்கெட் வாங்கி, என் சிநேகிதி நஸீறாவுடன் போய்ப் படம் பார்ப்பதற்காகவும்தான் வந்தேன். இராமகிருஷ்ண மண்டபத்தில் கச்சேரி கேட்பேன். தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் யானைகள் ஆடுவதைப் பார்ப்பேன். காலிமுகத்திடலில் பட்டங்களுக்குக் கீழே நடந்து இறால் வடை தின்பேன். எங்கள் தெரு முடிகிற இடத்தில் கடல் இருக்கிறது. யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் செருப்பைக் கொழுவிக்கொண்டு போய் நிற்கிறேன். ஒரு பெண் தனியாக இத்தனையும் செய்யக்கூடிய ஊர் இந்த நாட்டில் வேறு எங்கே இருக்கிறது?

உங்கள் திருகோணமலையில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதலாம்.

இப்படிக்கு,
ச. கனகேஸ்வரி


உப்புவெளி, திருகோணமலை
03.02.1997

அன்புடன் கனகேஸ்வரி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கோபமாக எழுதியிருந்தாலும் கையெழுத்து கொஞ்சமும் சரியவில்லை. அதையே முதலில் பார்த்தேன்.

உங்கள் கடலை நான் குறை சொல்லமாட்டேன். சின்னம்மா வீட்டிலிருந்து ஒருநாள் விடிய நடந்துபோய்ப் பார்த்தேன். ரயில் பாதையைக் கடந்து, கல்லில் ஏறி நின்றால் தெரிகிறது. நல்ல கடல்தான். ஆனால் அது பார்க்கிற கடல். எங்களுடையது இறங்குகிற கடல். உப்புவெளியில் ஒருவர் நூறு யார் தூரம் உள்ளே நடந்தாலும் தண்ணீர் நெஞ்சைத் தாண்டாது. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை அது கடல்தானா குளமா என்று கேட்பீர்கள்.

யானையைப் பார்க்க நீங்கள் டிக்கெட் எடுக்க வேண்டும். எங்கள் ஊரில் புள்ளிமான்கள் கடைத்தெருவுக்கே வந்து பழக்கடைக்காரரிடம் தோல் கேட்கும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்துக் கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. நிலாவெளிக்கு நேரே கடலுக்குள் புறாமலைத் தீவு. அதைச் சுற்றித் தண்ணீருக்கு அடியில் பவளப் பாறை, அதற்குள் கிளிப்பச்சையும் மஞ்சளுமாக மீன். கோணேசர் கோயில் பாறையின் விளிம்பில் நின்றால் கீழே கடலின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். இதற்கெல்லாம் தியேட்டர் ஈடாகுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

என் அப்பா கட்டிய விடுதியை நான் நடத்துகிறேன். ஆறு அறைகள். ஒரு காலத்தில் ஜேர்மன்காரரும் இத்தாலிக்காரரும் அறை இல்லையென்று மரத்துக்குக் கீழே படுத்தார்கள். இப்போது உதவி நிறுவனக்காரர் இடைக்கிடை வருவார்கள். தம்பிமார் இருவரும் இதை விற்றுவிட்டு நோர்வேக்கு வரச் சொல்கிறார்கள். விற்கச் சொல்லி வேறு ஆட்களும் வந்தார்கள். நான் கதவைப் பூட்டவில்லை. பூட்டவும் மாட்டேன்.

உங்களைக் கோபப்படுத்த நினைக்கவில்லை. ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கவும் இல்லை.

அன்புடன்,
யோகநாதன்


வெள்ளவத்தை
02.03.1997

அன்புள்ள யோகநாதன் அவர்களுக்கு,

விடிய ஒருமுறை கல்லில் ஏறி நின்றுவிட்டு ஒரு நகரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் துணிவு உங்களுக்கு இருக்கிறது. அதனால் உங்களை ஒழுங்காகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதென்று முடிவெடுத்திருக்கிறேன். சித்திரை வருடப்பிறப்பு முடிந்த வாரம் வாருங்கள். அண்ணாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். வாங்கினேன் என்பதைவிட அறிவித்தேன் என்பது பொருத்தம்.

சனிக்கிழமை படம். ஞாயிறு காலை மிருகக்காட்சிசாலை, பின்னேரம் காலிமுகத்திடல். திங்கள் கச்சேரி ஒன்று இருக்கிறது. நஸீறா கொம்பனித்தெருவில் தன் வீட்டுக்கு உங்களைப் புரியாணிக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

ஒரு முக்கியமான விஷயம். வந்து இறங்கியவுடன் சின்னம்மா உங்களைத் தன் வீட்டில் தங்கும் வெளியூர்த் தமிழராகப் பொலிஸில் பதிய வேண்டும். பதிந்த துண்டை அடையாள அட்டையுடன் சேர்த்துச் சட்டைப் பையில் வைத்திருங்கள். எங்கே போனாலும் வைத்திருங்கள். இது எங்கள் ஊரின் அழகில் சேர்ந்ததல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் மழைக்குக் குடை எடுப்பதுபோல எடுத்துக்கொண்டு நாங்கள் வெளியே போய்க்கொண்டுதான் இருக்கிறோம். வீட்டுக்குள் இருந்துவிடவில்லை.

கனகேஸ்வரி


உப்புவெளி
29.04.1997

கனகேஸ்வரி அவர்களுக்கு,

சொல்லாமல் வந்துவிட்டேன். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். பொலிஸ் நிலையத்திலிருந்து வெளியே விட்டதும் நேரே புறக்கோட்டைக்குப் போய் பஸ் ஏறினேன். உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

படம் நன்றாக இருந்தது. யானைகளும் நன்றாக ஆடின. காலிமுகத்திடலில் அந்தக் காற்றில் நீங்கள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தபோது, உங்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்போதுதான் அந்த இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள்.

துண்டு நான் காலையில் கழற்றிப்போட்ட சட்டையில் இருந்தது. நீங்கள் எழுதியும் நான் மறந்தது என் பிழை. ஆனால் அடையாள அட்டையில் திருகோணமலை என்று பார்த்ததும் அவர்கள் முகம் மாறியதே, அது என் பிழையல்ல. பட்டம் விட்டுக்கொண்டிருந்த சனமெல்லாம் பார்க்க என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். காற்று வாங்கப் போன மனிதனை.

எங்கள் ஊரில் சோதனை இல்லை என்று சொல்லவில்லை. இங்கேயும் மறிப்பார்கள். ஆனால் மறிப்பவனுக்கு என் பெயர் தெரியும், என் அப்பாவின் பெயர் தெரியும். அங்கே நான் ஒரு விலாசம் மட்டும்தான்.

இன்னொன்று. நீங்கள் ஓட்டோவில் பின்னால் வந்து, பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் இரவு முழுக்க இருந்தது எனக்குத் தெரியும். பொறுப்பதிகாரியிடம் நீங்கள் பேசியது கம்பிக்குப் பின்னால் எனக்குக் கேட்டது. "மே மகே மஹத்தயா" என்றீர்கள். நான் வெள்ளைக்காரருக்கும் சிங்களச் சாரதிகளுக்கும் சோறு போட்டு வளர்ந்தவன். எனக்கு அது விளங்கும். இவர் என் புருஷன் என்று சொன்னீர்கள். விடிய சின்னம்மா துண்டைக் கொண்டுவந்திருக்காவிட்டாலும் அந்தச் சொல்லுக்காகவே விட்டிருப்பார்கள் போலிருந்தது.

என் பெண்சாதியாக வருவீர்களா என்று நான் இன்னும் உங்களிடம் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்குத்தான் முதலில் என்று நினைத்திருந்தேன். ஒரு பெண் எனக்காகப் பேசி என்னை வெளியே எடுக்க வேண்டிய ஊரில் என்னால் இருக்க முடியாது.

யோகநாதன்


வெள்ளவத்தை
11.05.1997

யோகநாதன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் கையெழுத்து சரிந்திருக்கும். கவலையில்லை.

பேசி முடித்திருக்கிறவர் என்று சொன்னால் அந்த அதிகாரி என்னைத் திரும்பியே பார்த்திருக்கமாட்டார். அப்படியொரு உறவு அவர்கள் புத்தகத்தில் இல்லை. பெண்சாதி என்றால் வாங்கில் இருக்கலாம், கேள்வி கேட்கலாம், சாப்பாடு உள்ளே அனுப்பலாம். அதற்காகச் சொன்னேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. ஆனாலும் நான் வெட்கப்படவில்லை. நீங்கள் எதற்காக வெட்கப்படுகிறீர்கள் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கொழும்பைப் பார்க்க வந்தீர்கள். நான் காட்ட நினைத்தது படமும் யானையும் பட்டமும். நீங்கள் கண்டது வேறு. ஆனால் ஒன்றை நீங்கள் காணவில்லை. அந்த இடத்துக்குள் தனியாக நடந்துபோய், கதிரையை இழுத்துப் போட்டு, அவர்கள் மொழியில் அவர்களைவிட ஒழுங்காகப் பேசி, "இவரை எந்தச் சட்டத்தின் கீழ் வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்கிற பெண்ணை இந்த ஊர்தான் உண்டாக்கியது. வீட்டை எரித்த ஊரும் இதுதான், ஓம். அந்த ஊரில் மறுபடி வந்து நிமிர்ந்து நடக்கப் பழகினேன். உங்கள் பவளப் பாறையைவிட எனக்கு அதுதான் பெருமை.

என் அண்ணி இந்தச் சம்பந்தம் இனி வேண்டாம் என்கிறார். சொல்லாமல் போகிற ஆள் பிறகும் சொல்லாமல் போவார் என்பது அவருடைய கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு பிழை என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆதாரம் தருவது உங்கள் பொறுப்பு.

கனகேஸ்வரி


உப்புவெளி
22.06.1997

அன்புள்ள கனகேஸ்வரி,

அண்ணியின் கணக்கு சரிதான். நான் சொல்லாமல் போனது பிழை. நீங்கள் விடிய விடிய இருந்த வாங்கைக் கடந்துதான் வெளியே வந்தேன். நீங்கள் அப்போது சின்னம்மாவுடன் உள்ளே கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு நிமிடம் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. என் ரோசம் என்னைவிட வேகமாக நடந்துவிட்டது.

ஆவணியில் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். உங்கள் சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மேல் அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். என் ஊரைக் காட்டும் தவணை எனக்கும் வேண்டும். வருவீர்கள் என்றால் கந்தளாய்ச் சோதனைச் சாவடி வரைக்கும் வந்து காத்து நிற்பேன். வராவிட்டால், ஏன் என்று கேட்கமாட்டேன்.

யோகநாதன்


வெள்ளவத்தை
31.08.1997

அன்புள்ள யோகநாதன்,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நஸீறா தன் வீட்டில் இரண்டு நாளாக உங்கள் ஊர் மீன் கறியைப் பற்றியே பேசுகிறாளாம். அவளுடைய தாயார் கோபமாக இருக்கிறார்.

நேரில் சொல்லாதவற்றை எழுதுகிறேன். கந்தளாயில் எல்லோரையும் இறக்கிப் பொதிகளுடன் நடக்கவிட்டபோது, அந்தப் பக்கத்தில் நீங்கள் குடையுடன் நின்றதைக் கண்டேன். என் பையை வாங்க வந்தீர்கள். நான் கொடுக்கவில்லை. உங்கள் ஊருக்குள் என் பையை நானே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று இருந்தது.

கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் ஆமிக்காரர் எங்கள் கைப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள். மான்கள் அவர்களுடைய மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தன. பாறை விளிம்பில் நின்று பார்த்த கடலைப் பற்றி நீங்கள் எழுதியது உண்மை. குறைத்தே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கன்னியாப் பாதையில் பாதியில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். புறாமலையை நிலாவெளிக் கரையிலிருந்து விரலால் காட்டினீர்கள், போக முடியாது என்றீர்கள். எங்கே போனாலும் "முந்தி" என்று ஒரு சொல். முந்தி இங்கே குளிப்போம், முந்தி அங்கே வள்ளத்தில் போவோம். நீங்கள் எனக்கு எழுதிய ஊர் பன்னிரண்டு பதின்மூன்று வருடங்களுக்கு முந்திய ஊர் என்று விளங்கியது. வழக்கில் நான் வென்றுவிட்டேன் என்று சனிக்கிழமை படுக்கும்போது நஸீறாவிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து மேல் அறை ஜன்னலைத் திறந்தேன். உங்கள் வாசலில் சைக்கிள்கள். ஒரு வான் வண்டியில் கிண்ணியாவிலிருந்து வந்த சனம். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற இராமலெட்சுமி மூன்று பிள்ளைகளுடன் படலையைத் தன் வீட்டுப் படலைபோலத் திறந்துகொண்டு வந்தார். பொதுக் கடற்கரை முழுக்கக் கம்பி போட்டிருப்பதால், உங்கள் விடுதி வளவுக்கு முன்னால் இருக்கிற துண்டுக் கரையில் ஞாயிறு தோறும் ஊர்ப் பிள்ளைகள் குளிக்கிறார்கள் என்றும், ஒவ்வொரு வாரமும் நீங்கள் பக்கத்து முகாமுக்குப் போய் அதற்கு அனுமதி கேட்டு வாங்குகிறீர்கள் என்றும் அவர்தான் சொன்னார். தொண்ணூற்றிரண்டிலிருந்து நடக்கிறதாம். நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பிள்ளைகள் உங்கள் தோளில் ஏறிக் குதித்தார்கள். பின்னேரம் வரை நீங்கள் கரைக்கு வரவில்லை.

"இதை ஏன் எழுதேல்லை?" என்று கேட்டேன். துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டே, "நீங்கள் பார்க்கிற இடங்களை எல்லோ கேட்டனீங்கள். இது பார்க்கிற இடம் இல்லையே" என்றீர்கள்.

யோகநாதன், உங்களுக்குப் பெருமை பேசத் தெரியவில்லை. பேச வேண்டியதை விட்டுவிட்டு வெந்நீர்க் கிணற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் ஒரு குறை கண்டேன். தண்ணீரில் ஆண்களும் பிள்ளைகளும். பெண்கள் மணலில் இருந்து செருப்புக்கும் மணிக்கூட்டுக்கும் காவல். இராமலெட்சுமியிடம் இறங்கவில்லையா என்று கேட்டேன். மாத்தளைத் தோட்டத்திலிருந்து கல்யாணம் முடித்து இங்கே வந்தவராம். "ஆம்பளைங்க நிக்கிறப்ப எப்படிங்க எறங்குறது. வந்து எம்புட்டோ வருசமாச்சு. காலு மட்டும்தான் நனைஞ்சிருக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் நஸீறாவையும் இழுத்துக்கொண்டு சுடிதாருடன் இறங்கினேன். நீங்கள் உடனே முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கயிற்றை மட்டும் என் பக்கம் நீட்டினீர்கள். நாற்பது வருடம் கடலோரம் இருந்தவள் கடலுக்குள் நின்றது அன்றுதான் முதல் தடவை.

இதனால் நான் வந்துவிடுவேன் என்று பொருள் கொள்ள வேண்டாம். வழக்கு இன்னும் முடியவில்லை.

அன்புடன்,
கனகேஸ்வரி


உப்புவெளி
26.10.1997

அன்புள்ள கனகேஸ்வரி,

கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த செய்தியை வானொலியில் கேட்டதிலிருந்து, நீங்கள் அன்று வெள்ளவத்தைக் கிளையில்தான் வேலை செய்தீர்கள் என்று சின்னம்மா தொலைபேசியில் சொல்லும் வரை நான் இருந்த நிலையை எழுத விரும்பவில்லை. நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள். அது போதும்.

அதற்குப் பிறகு இங்கே எல்லாம் இறுகிவிட்டது. முகாமில் பழைய அதிகாரி மாறிவிட்டார். புதியவர் ஞாயிற்றுக்கிழமை அனுமதியை நிறுத்திவிட்டார். கரையில் யாரும் இறங்கக்கூடாது. என் வளவின் முன்பக்கத்தையும் தங்களுக்குக் காவல் போட எடுப்பார்கள் என்று கதை அடிபடுகிறது. போன ஞாயிறு சைக்கிளில் வந்த பிள்ளைகளைப் படலையில் நின்று நானே திருப்பி அனுப்பினேன். ஒரு பிள்ளை துவாயைத் தோளில் போட்டபடி, கொஞ்ச நேரம் படலைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத்தான் போனது.

என் ஊரைப் பற்றி நான் உங்களுக்குப் பெருமையாகச் சொல்ல இருந்தது அது ஒன்றுதான். சொல்லத் தெரியாமல் இருந்ததை நீங்கள் கண்டுபிடித்தீர்கள். இப்போது அதுவும் இல்லை. இந்த நிலையில் உங்களை இங்கே வரச் சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் அங்கே வந்தாலோ, போக்கிடமில்லாமல் வந்தவன் ஆவேன். அப்படி உங்கள் வாசலில் வந்து நிற்கமாட்டேன்.

ஆகவே பேச்சை இத்துடன் நிறுத்துவது நல்லது. உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. உங்களை விடுவிக்கிறேன்.

யோகநாதன்


வெள்ளவத்தை
09.11.1997

யோகநாதன் அவர்களுக்கு,

நான் உங்கள் விடுதியில் அறை எடுத்துத் தங்கிய விருந்தாளி அல்ல, சாவியை வாங்கிக்கொண்டு விடுவிப்பதற்கு. இருப்பதா போவதா என்பதை நான்தான் சொல்ல வேண்டும். நான் இன்னும் சொல்லவில்லை.

அனுமதியை நிறுத்தினால் மறுபடி கேட்க வேண்டும். ஐந்து வருடமாகக் கேட்டு வாங்கியவருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இத்தனை காலமும் நீங்கள் தனியாகவே போய்க் கேட்டிருக்கிறீர்கள். ஒரு தனி ஆம்பிளை போய் நின்றால் புதிய அதிகாரிக்கு அது ஒரு விலாசம் மட்டும்தான். நீங்களே எழுதிய சொல். யாருக்காகக் கேட்கிறீர்களோ அவர்களைக் கேட்கவிடுங்கள். மணலில் இருந்தவர்களுக்கும் வாய் இருக்கிறது. இராமலெட்சுமியின் சிங்களம் என்னுடையதைவிட நல்லது. அன்று கரையில் காவலுக்கு நின்ற ஆமிக்காரருடன் அவர் பேசியதைக் கேட்டேன்.

கடிதத்தை நிறுத்தினால் நான் நேரே வருவேன். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கனகேஸ்வரி


உப்புவெளி
18.01.1998

அன்புள்ள கனகேஸ்வரி,

இரண்டு மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

உங்கள் கடிதத்தை இராமலெட்சுமிக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து போனார். பொங்கல் முடிந்த மறுநாள் விடிய என் படலையில் இருபது முப்பது பெண்கள். ஆஸ்பத்திரிக்காரர், மீன் சந்தைக்காரர், கிண்ணியாவில் கல்யாணம் முடித்திருக்கிற நஸீறாவின் மச்சாள்மார், பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர். பொலிஸ் குடியிருப்பிலிருந்து சிங்களத் தாய்மார் மூன்று பேரும் வந்திருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் எங்கள் கரையில்தானே குளித்தார்கள். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். "நீங்க வேணாங்க. நீங்க வந்தா உங்ககூடத்தான் பேசுவாரு" என்று இராமலெட்சுமி என்னைப் படலைக்குள் விட்டுச் சாத்தினார். என் படலைக்குள் என்னை.

முகாம் வாசலில் நடந்ததை அவர் திரும்பி வந்து சொன்னபடி எழுதுகிறேன். அதிகாரி முதலில் வரவில்லை. இவர்கள் போகவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை, வெயிலில் அப்படியே இருந்துவிட்டார்கள். கடைசியில் வந்து, யுத்த நேரத்தில் கடலில் விளையாடுவது அவ்வளவு அவசியமா என்று கேட்டாராம். இராமலெட்சுமி எழுந்து சொன்னது: "ஆறு நாளும் நீங்க சொல்றபடிதான் நடக்குறோம், நில்லுன்னா நிக்கிறோம். ஏழாவது நாளு எங்க புள்ளைங்களோடது. அதக் குடுத்துருங்க."

அவர், தனக்கும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் காலியில் இருக்கிறார்கள் என்றாராம்.

அனுமதி கிடைத்துவிட்டது. கடல் அடங்கியதும் பங்குனியிலிருந்து ஞாயிறு காலை தொடங்கி மத்தியானம் வரை. ஆனால் பெண்களும் பிள்ளைகளும் மட்டும். வளர்ந்த ஆம்பிளை எவரும் கரையில் இறங்கக்கூடாது. நான் உட்பட. என் அப்பாவின் கரையில் நான் இறங்கக்கூடாது என்று கேட்டபோது முதலில் கோபம் வந்தது. பிறகு, இந்தப் பெண்கள் எல்லோரும் தண்ணீருக்குள் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். கோபம் நிற்கவில்லை. இந்த ஊரில் பிறந்ததற்காக இவ்வளவு பெருமைப்பட்ட நாள் எனக்கு இருந்ததில்லை.

ஒரு நிபந்தனை மிச்சம். தண்ணீரில் நின்று பார்த்துக்கொள்ளப் பொறுப்பான ஒரு பெண்ணின் பெயரை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். நீந்தத் தெரிந்தவராகவும் முகாமுடன் சிங்களத்தில் பேசக்கூடியவராகவும் இருக்க வேண்டும். இராமலெட்சுமிக்கு நீந்தத் தெரியாது. ரீச்சருக்கும் பொலிஸ் குடியிருப்புத் தாய்மாருக்கும் தெரியாது. இந்தக் கரையில் பிறந்த பெண்கள் ஒருவருக்கும் நாங்கள் நீந்தக் கற்றுக்கொடுக்கவில்லை என்பது இப்போதுதான் எங்கள் மண்டையில் உறைக்கிறது.

நான் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. நடந்ததை அறிவிக்கிறேன், அவ்வளவுதான்.

யோகநாதன்


வெள்ளவத்தை
15.02.1998

அன்புள்ள யோகநாதன்,

கேட்காமல் கேட்பதற்கு உங்களை மிஞ்ச ஆள் இல்லை.

அன்று உங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றேனே, கயிற்றை விட்டால் என்ன ஆகும் என்று பயந்தேன். அந்தப் பயம் எனக்குப் பிடிக்கவில்லை. புரட்டாசியிலிருந்து சனிக்கிழமைப் படத்தை விட்டுவிட்டேன். கொழும்பு ஏழில் ஒரு கழகத்தின் நீச்சல் குளத்தில் சனி காலை பெண்களுக்கு மட்டும் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு வயதான பறங்கிப் பெண்மணி சொல்லிக்கொடுக்கிறார். கண்டிப்பானவர், பிழை விட்டால் தண்ணீரைத் தட்டித் தெறிப்பார். நஸீறா இரண்டாம் வாரமே போதும் என்று கரையேறிவிட்டாள். நான் இப்போது குளத்தின் நீளத்தை நிற்காமல் போய்த் திரும்பி வருகிறேன். மூழ்குகிற ஒருவரை எப்படிப் பிடித்து இழுப்பது என்பதையும் போன மாதம் பழகினேன். அண்ணிக்கு இது தெரியாது. தலை ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டால் கோயிலுக்கு முழுகிவிட்டுப் போனதாகச் சொல்கிறேன்.

ஆகவே பெயரைக் கொடுத்துவிடுங்கள். முழுப் பெயரையும் எழுதுங்கள், சரவணமுத்து கனகேஸ்வரி. உங்கள் கடலில் இறங்க உங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவது கொழும்புக் குளத்தில் கற்ற நீச்சல் என்பதை முகாமுக்கு எழுதத் தேவையில்லை. நீங்கள் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

திருகோணமலைக் கிளைக்கு இடமாற்றம் கேட்டு எழுதினேன். வங்கி முகாமையாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, "மிஸ், எல்லாரும் அங்கயிருந்து இங்க வரத்தான் கேக்கினம். உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை, நல்ல இடம் ஒன்று கண்டேன் என்றேன். மார்ச் முதலாம் திகதியிலிருந்து கிடைத்திருக்கிறது. கோணேசர் கோயிலில் தாலி கட்டுவதற்கு அண்ணா நாள் பார்க்கிறார். அண்ணி இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் கூறைச் சேலைக்கு என்ன நிறம் என்று கேட்டுவிட்டார்.

இது என் தோல்வி என்று யாரும் நினைக்கக்கூடாது. மார்கழியில் உங்கள் கடல் குழம்பிக் கிடக்கும்போது எங்கள் பக்கக் கடல் அடங்கிவிடும். அந்த விடுமுறையில் நீங்கள் என்னுடன் வெள்ளவத்தைக்கு வருவீர்கள். பொலிஸ் துண்டைச் சட்டையில் நானே ஊசியால் குத்திவிடுவேன். காலிமுகத்திடலில் பட்டங்களுக்குக் கீழே நாங்கள் நடப்போம். மறித்தால் நிற்போம், விட்டால் நடப்போம். அந்தத் திடலை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு வரவில்லை.

வரும் சனிக்கு அடுத்த சனி காலை பஸ்ஸில் வருகிறேன். கந்தளாய்க்கு வர வேண்டாம். அங்கே இறங்கி நடந்து ஏற எனக்குத் தெரியும். ஆனால் திருகோணமலை பஸ் நிலையத்துக்கு வாருங்கள். இந்த முறை பெட்டிகள் கனம்.

உங்கள்,
கனகேஸ்வரி